படிச்சுக் காட்டுடா!

அத்தியாயம் 11

போன வாரம் அத்தையையும் மருமகனையும் மொட்டை மாடியில் விட்டுவிட்டு வந்தோம். அங்கிருந்தே தொடங்குவோம்.

பெங்களூரில் குழந்தைகளின் மனவளர்ச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் சுமலதா. பத்து வருஷத்துக்கு முன்பு பாலக்கோடு வட்டாரத்துப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னாள். யாருக்கு வாசிக்க வருகிறது, யாருக்கு வரவில்லை என்று குறித்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பதினெட்டு வயது. அவர்களில் யார் குடிக்கிறான், யார் லைசென்ஸ் இல்லாமல் பைக்கில் பறக்கிறான், யார் அடிதடிக்குப் போகிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தடவை மாரண்டஹள்ளிக்கு வந்து, அண்ணன் முத்துராஜ் வீட்டில் தங்கியிருக்கிறாள்.

சொந்தக்காரப் பிள்ளைகளை ஆய்வில் சேர்க்கக் கூடாது. அதனால் அண்ணன் மகன் அருண்குமாரை அவள் அன்றைக்கும் வாசிக்கச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனாகவே மாடியேறி வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஊர்ப் பசங்களையெல்லாம் கேக்கறீங்க. என்னைக் கேக்க மாட்டீங்களா அத்தை?"

சுமலதா ரெக்கார்டரை அணைத்தாள். அதற்கப்புறம் அவன் இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, அவனுக்கு வாசிக்க வராது. தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. இன்னொன்று, பைக் சீட்டுக்கு அடியில் ஒரு கத்தி வைத்திருக்கிறான்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

"உயிருக்கு ஆபத்துன்னா சொல்லிடுவேன் அருணு. இல்லைன்னா சொல்ல மாட்டேன்."

"அப்படின்னா சரி" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருந்தோம். இனி புதன்கிழமை.

* * *

புதன்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டாசு வெடித்தது. அன்று அருணுக்குப் பதினெட்டு முடிகிற பிறந்தநாள்.

"கோவிந்தன் பிளக்ஸ் வெச்சிருக்கானாம் சுமா. போட்டோ காட்டுடான்னா மாட்டேங்கறான், நேர்ல வந்து பாருங்கறான்" என்றாள் அண்ணி சசிகலா, கேசரி கிளறிக்கொண்டே. "நீ போயிப் பாத்துட்டு அருணைக் கூட்டிக்கினு வந்துடு. வெறும் வயித்தோட சுத்தறான்."

கோவிந்தன் ஊரில் பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருப்பவன். அருணைவிட நாலைந்து வயது மூத்தவன். அருணுக்கு ஃபோனில் மெசேஜ் அடித்துக் கொடுப்பதும், வந்ததைப் படித்துச் சொல்வதும் அவன்தான். அவ்வளவு நெருக்கம்.

பேனர் பத்தடி உயரத்துக்கு நின்றது. கூலிங்கிளாஸ் போட்ட அருண், அவனுக்குப் பின்னால் கர்ஜிக்கும் சிங்கம். நடுவில் தங்க நிறத்தில் பெரிய பெரிய எழுத்து. சுமலதா நிமிர்ந்து வாசித்தாள்.

'எழுத்தறியா இளவரசே! ஏட்டைத் தொடாத ஏந்தலே! எங்கள் கைநாட்டுச் சிங்கமே! அகவை பதினெட்டு காணும் நீ, அ ஆ என்னும் இரண்டெழுத்தேனும் கற்றுப் பல்லாண்டு வாழ்க! இவண்: படிக்கத் தெரிந்த நண்பர்கள்.'

அதற்கு நேர் கீழே, பைக் மேல் ஏறி நின்று, புது வெள்ளைச் சட்டையில் அருண் கையை விரித்து போஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். ஓசூர் பஸ்ஸுக்கு நின்ற காலேஜ் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் சந்தோஷத்தில் ஊரே பங்கெடுப்பதாக நினைத்து அவனும் சிரித்தான். டீக்கடைக்காரம்மா மட்டும் பாய்லர் பக்கத்தில் நின்றபடி "பேடப்பா, எறங்கு, பேட" என்று, வேண்டாமென்பதைத் தன் கன்னடத்தில் சொல்லி முனகினாள்.

"அத்தை! வாங்க வாங்க, இங்க நில்லுங்க. செல்ஃபி எடுக்கலாம்."

"வூட்டுக்குப் போலாம் அருணு. அம்மா கேசரி செஞ்சி வெச்சிருக்காங்க."

"இருங்க அத்தை, மொதல்ல போட்டோ. கோவிந்தன் எப்படிப் போட்டிருக்கான் பாத்தீங்களா!"

அவன் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும் என்று சுமலதா எட்டினாள். அதற்குள் ஒரு மொபெட் வந்து நின்றது. முன்னால் நின்றிருந்தது இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண் குழந்தை. புதிதாக வாசிக்கக் கற்றவர்களுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாக வேண்டும். அது உரக்க வாசித்தது.

"எங்... கள்... கை... நாட்டுச்... சிங்கமே! அப்பா, கைநாட்டுன்னா என்னாப்பா?"

அப்பன்காரன் பதறிப்போய்க் குழந்தையின் வாயைப் பொத்தினான்.

அருணின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வெறுமனே இருந்தது. அவன் பேனரைப் பார்த்தான். தங்க நிறத்தில் வளைந்தும் நெளிந்தும் நின்றவற்றைப் பார்த்தான். பைக்கை விட்டு இறங்கினான்.

"அப்படியா போட்டிருக்கு அத்தை?"

"வா, போலாம்."

"என்னா போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

சுமலதா வாசிக்கவில்லை. வாசிக்காததே பதிலாகிவிட்டது.

அவன் விட்ட உதையில் சவுக்குக் கட்டை முறிந்து, பேனர் அங்கே நிறுத்தியிருந்த வண்டிகள் மேல் சாய்ந்தது. சிரித்தபடியே அதை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பையனின் வாயில் குத்தினான். பையன் கீழே விழுந்தான். அருண் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, அவன் ஃபோனாலேயே அவன் முகத்தில் அடித்தான். கண்ணாடி நொறுங்கி, பல்லும் ரத்தமும் அருணின் வெள்ளைச் சட்டையில் தெறித்தன. இரண்டு பேர் இழுத்தும் அவனைப் பிரிக்க முடியவில்லை. அவனாகவே எழுந்தான். பைக் சீட்டை ஒருமுறை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துக்கொண்டான். வண்டியை எடுத்தான்.

அந்தத் தட்டலின் அர்த்தம் அங்கே சுமலதா ஒருத்திக்குத்தான் தெரியும்.

கோவிந்தன் கடைக்குப் போகிற வழியில்தான் முத்துராஜின் தக்காளி மண்டி. அவள் அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணா, அருணு கோவிந்தனைத் தேடிக்கிட்டு வர்றான். பைக் சீட்டுக்கு அடியில கத்தி வெச்சிருக்கான். வழியிலேயே நிறுத்துங்க. அடிக்காதீங்க அண்ணா, நிறுத்தினாப் போதும்."

கடைசி வாக்கியத்துக்கு முன்பே அந்தப் பக்கம் ஃபோன் அணைந்திருந்தது.

* * *

அவள் ஆட்டோ பிடித்து மண்டிக்குப் போனபோது டெம்போ ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அதில் மோதிச் சரிந்த பைக்கைச் சுற்றித் தக்காளி நசுங்கிக் கிடந்தது. கத்தியை முத்துராஜ் ஏற்கெனவே பிடுங்கித் தன் ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தார். கையில் லாரிக்கு லோடு கட்டுகிற நைலான் கயிற்றை நான்காக மடித்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு அடிக்கும் கயிறு காற்றில் ஒரு சத்தம் போட்டது. முதுகில் விழுந்து இன்னொரு சத்தம் போட்டது. அருணின் சட்டை கிழிந்து தோலோடு ஒட்டியிருந்தது. தடுக்கக் கை தூக்கினால் கையில் விழுந்தது. லோடுமேன்கள், வியாபாரிகள், விவசாயிகள் எல்லோரும் பெட்டிகள் மேல் சாய்ந்து நின்றார்கள். பெத்த அப்பன் அடிக்கிறான், நாம் என்ன சொல்வது என்கிற நிற்பு.

"கத்தி வெக்கிற அளவுக்கு வந்துட்டியாடா? என் தங்கச்சி ஊர்ப் புள்ளைங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றா. என் வூட்டுல நீ ரவுடியா வளர்றியா?"

யாரோ பஸ் ஸ்டாண்டிலிருந்து கிழிந்த பேனர் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். முத்துராஜ் மகனின் பின்தலை முடியைப் பிடித்து, அந்தத் துண்டில் முகத்தை அழுத்தினார்.

"ஊரே பாத்துச் சிரிக்குது. பத்து வருஷம் பீஸ் கட்டினேனேடா! இதுல என்னா எழுதியிருக்கு? படி. படிச்சுக் காட்டுடா!"

அருணின் மூக்கு ரத்தம் தங்க எழுத்தின் மேல் சொட்டியது.

"படிச்சுக் காட்டுடா!"

மறுபடியும் கயிறு ஓங்கியபோது சுமலதா குறுக்கே போய் விழுந்தாள். அடி அவள் கழுத்திலிருந்து தோள்பட்டை வரைக்கும் இறங்கியது. சூடு வைத்தாற்போல் இருந்தது. அப்போதுதான் முத்துராஜ் கையை நிறுத்தினார். தங்கையை அடித்த கையை ஏதோ அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இதுவரை அவள் பேசிய பையன்கள் அத்தனை பேர் கதையிலும் இப்படி ஒரு இடம் வந்தது. வகுப்பறை, களத்துமேடு, தெருமுனை. வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை, அடிக்கிற ஒரு கை, சுற்றி நிற்கிற ஒரு கூட்டம். கேட்டுக்கொண்டு, 'வீட்டில் அடி உண்டா? உண்டு' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறாள்.

அருண் எழுந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"கத்தி விஷயம் நீங்கதான் சொன்னீங்களா அத்தை?"

"ஆமாம் அருணு."

"உயிருக்கு ஆபத்துன்னாத்தான் சொல்லுவேன்னீங்க." மூச்சு வாங்கினான். "யாரு உயிருக்கு?"

அவன் பெட்டிகளுக்கு நடுவே நொண்டிக்கொண்டே நடந்து, மண்டியின் பின்பக்கமாக வெளியேறிவிட்டான்.

* * *

"எனக்கு அவன் மூணாங்கிளாஸ் படிக்கறப்பவே தெரியும் சுமா."

சசிகலா நாத்தனாரின் கழுத்தில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். கேசரி யாரும் தொடாமல் ஆறிக் கிடந்தது.

"நான் பாடத்தை வாசிப்பேன். அவன் கண்ணை மூடிக்கினு கேப்பான். அப்படியே ஒப்பிப்பான். பத்தாவது பரீட்சையை எழுதித்தானே ஆகணும், அங்க போயி மாட்டிக்கிட்டோம். உங்கண்ணன் திமிருல படிக்காம கெடந்தான்னு நினைச்சிக்கினு இருக்காரு. நானும் அப்படியே நினைக்கட்டும்னு விட்டுட்டேன். திமிருன்னா அடி கொஞ்சம் கம்மி."

"என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல? நான் பண்றதே இந்த வேலைதானே?"

"அதனாலதான் சொல்லல. நீ எல்லாப் புள்ளைங்களையும் எழுதற. என் புள்ளையையும் எழுதிடுவியோன்னு பயம்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். கயிறு பட்டதைவிட இது ஆழமாகப் பட்டது.

வாசலில் பால்காரரின் குரல் கேட்டது. "ஏம்மா சசிகலா! உம்மவன் நின்ன வண்டியிலருந்து கேன்ல பெட்ரோலப் புடிச்சிக்கினு பிளக்ஸ் கடைப் பக்கம் போறாம்மா! ஓடும்மா!"

ஐஸ் கட்டிகள் தரையில் சிதறின.

* * *

கோவிந்தன் கடை ஷட்டர் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. ரோட்டில் நின்றவர்களுக்கு உள்ளே கால்கள் மட்டும்தான் தெரிந்தன. பெட்ரோல் வாடை வாசலுக்கு வந்துவிட்டதால் யாரும் கிட்டே போகவில்லை. சுமலதா குனிந்து உள்ளே நுழைந்தாள். பின்னாலேயே சசிகலா.

தரையெல்லாம் பெட்ரோல். சுவரோரம் அடுக்கியிருந்த பிளக்ஸ் சுருள்கள் நனைந்திருந்தன. கோவிந்தன் பிரிண்டிங் மெஷினுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றான். அவன் தலையிலிருந்தும் பெட்ரோல் சொட்டியது. அருண் கையில் காலையில் பட்டாசு கொளுத்திய லைட்டர்.

"மச்சான், காமெடிக்குடா! சத்தியமா காமெடிக்குத்தான்டா போட்டேன்!"

"என் மெசேஜெல்லாம் நீதானடா படிச்சே?" அருண் கத்தவில்லை. குரல் தேய்ந்திருந்தது. "நான் வேற யாருகிட்டயாவது குடுத்தேனா? உன்கிட்டத்தானடா குடுத்தேன்."

"அருணு" என்றாள் சுமலதா.

"வெளிய போங்க அத்தை. அம்மா, நீயும் போ."

சசிகலா போகவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். புடவை பெட்ரோலில் நனைந்தது. "கொளுத்தறதுன்னா கொளுத்துடா. உன்னை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

அவன் கட்டைவிரல் லைட்டர் சக்கரத்தின் மேல் இருந்தது. சுமலதா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எழுதுகிற வார்த்தை ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "குடுடா தங்கம்" என்றாள். "குடுத்துடுடா." மறுபடி மறுபடி அதையே சொன்னாள்.

அவன் தோள் குலுங்கியது. லைட்டரை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அம்மாவின் முன்னால் மண்டி போட்டுக் குனிந்து அழுதான்.

அந்தக் குனிந்த தலையில்தான் கோவிந்தன் அடித்தான்.

பேனர் ஃபிரேம் போடுகிற இரும்பு பைப். தேங்காய் உடைவதுபோல் ஒரு சத்தம். அருண் அம்மாவின் மடியில் சரிந்தான். காதிலிருந்து ரத்தம் வந்தது. பயத்தில் வெறிபிடித்த கோவிந்தன் இன்னொரு தடவை பைப்பை ஓங்கினான்.

சசிகலா எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பைப்பை அந்தரத்திலேயே பிடித்துத் திருகினாள். அது அவள் கைக்கு வந்தது. முதல் அடி கோவிந்தனின் முன்னங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான்.

அண்ணியின் முழங்கை சுமலதாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பிடித்திருக்கலாம். காலையிலிருந்து பார்த்ததெல்லாம், அந்தத் தங்க எழுத்து, அந்தச் சிரிப்பு, அந்தக் கயிறு, எல்லாம் அவள் கண் முன்னால் நின்றன. பிடிக்கவில்லை. இரண்டாவது அடி அவன் தோளில் விழுந்தது. அது விழட்டும் என்றுதான் அவள் நின்றாள். மூன்றாவது அடி நெற்றியைக் கிழித்தபோதுதான் "அண்ணி!" என்று குரல் வந்தது. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தாள். பைப் கீழே விழுந்து உருண்டது.

* * *

ஆம்புலன்ஸ் வந்து அருணை ஏற்றியது. சசிகலா மகனின் தலையைத் தாங்கிக்கொண்டு கூடவே ஏறினாள். கோவிந்தனை இன்னொரு வண்டியில் அனுப்பினார்கள். அவன் நினைவு தப்பியிருந்தான்.

போலீஸ் ஜீப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முத்துராஜ் வந்து சேர்ந்தார். கடைக்குள் பார்த்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். சசிகலாதான் என்பது அதிலேயே அவருக்குப் புரிந்தது. கீழே கிடந்த பைப்பை எடுத்துத் தோள் துண்டால் துடைத்தார். எஸ்.ஐ. இறங்கி வந்தபோது அது அவர் கையில் இருந்தது.

"நாந்தாங்க சார் அடிச்சேன். என் புள்ளையை அடிச்சான், திருப்பி அடிச்சேன்."

எஸ்.ஐ. நடுவயசுக்காரர், நிதானமானவர். முத்துராஜை ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டுக் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பெட்ரோல் ஊத்தினது உங்க மருமகனா மேடம்?"

"அண்ணன் பையன். லைட்டரை அவனேதான் என் கையில குடுத்தான் சார்."

"குடுத்தாலும் கொலை முயற்சிதாங்க. நேத்து பண்ணியிருந்தான்னா சின்னப் பையன், சட்டம் வேற மாதிரி. இன்னைக்கோட பதினெட்டாமே." அவருக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

சுமலதாவின் ஃபோன் அடித்தது. அண்ணி.

"சுமா, பாலக்கோட்ல பாத்துட்டுத் தருமபுரிக்கு அனுப்பிட்டாங்க. போயிக்கினு இருக்கோம். நடுவுல கண்ணு முழிச்சான்."

"பேசினானா அண்ணி?"

"பேசினான். 'இனிமே அத்தைகிட்ட எதுவும் சொல்லாதம்மா'ன்னான்." சசிகலாவின் மூச்சு உடைந்தது. "மறுபடியும் கண்ணை மூடிட்டான். கூப்புட்டா ஏன்னு கேக்க மாட்டேங்கறான். சுமா, உங்கண்ணன் அங்க வந்தாரா?"

"வந்தாரு. தான்தான் அடிச்சேன்னு சொல்லிட்டாரு. ஜீப்புல ஏத்திட்டாங்க."

ஆம்புலன்ஸ் சைரனுக்கு மேலாக அவள் குரல் வந்தது.

"வேண்டாம்" என்றாள் சசிகலா. "வேண்டாம் சுமா. இத்தனை நாளு அந்த மனுசன் எம்புள்ளையை அடிச்சாரு, நான் அடுப்படியில நின்னேன். இன்னைக்குத்தான் நான் எழுந்து நின்னேன். அதையும் அவரு பேருல எழுத வேண்டாம். நடந்ததைச் சொல்லிடு."

ஃபோன் அணைந்தது.

ஜீப்பின் பின்சீட்டிலிருந்து முத்துராஜ் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மெல்ல, யாருக்கும் தெரியாமல், இப்படியும் அப்படியும் அசைத்தார். சொல்லாதே என்றது அந்த அசைவு. காலையில் கயிறு பிடித்த கை ஜீப் கம்பியைப் பிடித்திருந்தது. அவளைப் படிக்க வைத்ததும் அதே கைதான்.

"மேடம்" என்றார் எஸ்.ஐ. "வெளிய நின்னவங்களுக்குக் காலுதான் தெரிஞ்சிருக்கு. உங்க அண்ணன் எப்ப வந்தாருன்னு கேட்டா யாரும் வாயத் தெறக்கல. உள்ள இருந்தவங்கள்ல இப்ப சாட்சி சொல்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அவனை அடிச்சது யாரு?"

"நான் பக்கத்துலதான் சார் நின்னேன். தடுத்திருக்கலாம். தடுக்கல."

"அது சரிங்க. நான் கேட்டது அது இல்லை. அடிச்சது யாரு?"

"எங்க அண்ணி" என்றாள் சுமலதா. "சசிகலா."

"பொய்!" முத்துராஜ் ஜீப்பிலிருந்து பாய்ந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்து பிடித்தும் நிற்கவில்லை. "பொய் சொல்றா சார்! அவ ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவ சார்! நாந்தான்! நாந்தான் அடிச்சேன்!"

எஸ்.ஐ. ஒரு கணம் அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, தருமபுரி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் போலீஸை நிறுத்தச் சொன்னார்.